வாய் தெரியாத குரல்

சேரன்மகாதேவியில் அப்பாத்துரையைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் ஒரு குறையைத்தான் சொல்வார்கள். ஆள் தலைக்கனம் பிடித்தவர். பின்னாலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். கறிக்கடைக்காரர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், சர்ச்சில் மணி அடிக்கிற கோவில்குட்டியார் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மனிதர் பாட்டுக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விடுவார். அதே ஆளின் எதிரே போய் நின்றுவிட்டால் கதையே வேறு. முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டு, அவ்வளவு பதவிசாகப் பதில் சொல்வார். ஊர் என்ன செய்யும்? முன்னால் ஒரு குணம், பின்னால் ஒரு குணம் என்று பேசிக்கொண்டது.

அவர் மனைவி பொன்செல்விக்கு இது ஒரு குறையாகவே படவில்லை. அவளும் அவரும் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். அவர் நூல் நூற்கிற ரிங் பிரேமில், அவள் நூல் சுற்றுகிற பகுதியில். எந்திரங்கள் ஓடுகிற கொட்டகைக்குள் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, தோளைத் தட்டுவார்கள். வாயைத் திறந்து கத்துவதில்லை, உதட்டை நிதானமாக அசைப்பார்கள். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உரசிக் காட்டினால் நூல் அறுந்திருக்கிறது, மறுபடி ஒட்டு என்று அர்த்தம். அப்பாத்துரை பொன்செல்வியிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவியா என்பது. நடுவில் இரண்டு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வருவேன் என்றாள். அந்தப் பேச்சில் சத்தம் என்பதே கிடையாது.

ஆலை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் இருவரையும் விடவில்லை. வீட்டில் அவள் அவரை எதற்குக் கூப்பிட வேண்டுமானாலும் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்றுதான் சொல்வாள். அவர் வீட்டின் முன்னறையிலேயே மிக்சி, காற்றாடி, ரேடியோ பழுது பார்க்க உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்தே அந்தக் கிறுக்கு உண்டு. வேலையில் மும்முரமாக இருந்து பதில் சொல்லாமல்போனால், "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று அவள் முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போவாள். எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் சொல்கிற சொல்தானே அது.

அவர்களுக்கு ஒரே மகள், ஸ்டெபி. நடக்கத் தொடங்கின வயதிலேயே அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மடியில் ஏறி, இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். மகள் கொஞ்சுகிறாள் என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். வளர்ந்து நர்ஸுக்குப் படித்துச் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகும் அவள் வீடியோவில்தான் கூப்பிடுவாள். சாதாரண போன் வந்தால் அப்பாத்துரை, "டவர் சரியில்ல, நீ பேசு" என்று பொன்செல்வியிடம் கொடுத்துவிடுவார்.

கொரோனா வந்தது. ஸ்டெபி தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு வார்டுக்குள் நின்றாள். இரண்டாம் வருஷம், வேலைக்கு நடுவே, முகமூடியைக் கழற்ற முடியாத நேரத்தில், அப்பாவுக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். அப்பாத்துரை அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாஸ்க்குக்குள்ள பேசுதா, ஒண்ணும் விளங்கல" என்று பொன்செல்வியிடம் நீட்டினார். அவள் கேட்டு, அவருக்கு எதிரே நின்று, சொல் மாறாமல் சொன்னாள்:

"அப்பா, ஸ்டெபி பேசுதேன். சாப்பிட்டியளா? பிரஷர் மாத்திரைய மறக்காதிய. இங்கன வேலை ரொம்ப. மாஸ்க்கு போட்டுப் பேசுனா உங்களுக்கு விளங்காதுன்னு எனக்குத் தெரியும். இப்பம் நான் சொன்னத அம்மாட்டக் கேட்டுக்கிடுங்க. ஞாயித்துக்கிழம மாஸ்க்கு இல்லாம முகத்தக் காட்டிப் பேசுதேன். என்னப்பா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வருமுன் அவளே வார்டில் நோயாளியாகப் படுத்துவிட்டாள். பிறகு எழுந்திருக்கவில்லை. சென்னையிலேயே அடக்கம் நடந்தது. தகப்பனும் தாயும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பெட்டியைத் திறந்து முகத்தைக் காட்டவில்லை. அந்த நாட்களின் வழக்கம் அப்படி இருந்தது, யாரைக் குறை சொல்வது? பெற்ற வயிறு அன்று பட்டதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, சொல்லவும் போவதில்லை.

மிச்சம் இருந்தது அந்தக் குரல் பதிவுதான். மகள் சொன்னது என்ன என்பது அப்பாத்துரைக்கு மனப்பாடம். அவருக்கு வேண்டியது சொல் அல்ல, குரல். பதிவைத் தொட்டால் போனிலிருந்து வந்தது ஏதோ போர்வைக்குள்ளிருந்து முனகுகிற சத்தம். அ என்றும் ஏ என்றும் இழுவை மட்டும் கேட்டது, நடுவிலுள்ள எழுத்தெல்லாம் உதிர்ந்து போயிருந்தது. ஸ்டெபி என்று அவள் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒன்றுமே இல்லை. முகமூடி அமுக்குகிறது, இந்தப் போன் ஸ்பீக்கருக்கு அதை எடுத்துக் கொடுக்கிற சீர் இல்லை என்று அவர் முடிவு கட்டினார். நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தால் முகமூடியைத் தாண்டி என் பிள்ளையின் குரல் வரும். அதுவும் பழைய ரேடியோவில் இருக்கிற கண்ணாடிக் குழல் போட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் மனுஷக் குரல் மனுஷக் குரலாகவே வரும். இந்த ஒரே எண்ணத்தில் மனிதர் எழுந்து உட்கார்ந்தார்.

கோயிலில் கழித்துப்போட்டிருந்த பழைய மைக் செட்டைக் கேட்டு வாங்கி அதிலிருந்து வால்வுகளை எடுத்தார். அலுமினியத் தகட்டில் தானே துளை போட்டு, தானே பற்றவைத்து, பலாப் பலகையில் ஸ்பீக்கர் பெட்டி இழைத்து, பார்க்க லட்சணமாக ஒன்றை உருவாக்கினார். வேலை சுத்தம். முதல் நாள் போனை அதில் பொருத்தியபோது பொன்செல்வியையும் பக்கத்தில் உட்கார வைத்தார். மகளின் குரல் அறை நிறைய எழுந்தது. பொன்செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்பாத்துரை தலையை ஆட்டினார்.

"தெளிவு பத்தல. கொஞ்சம் தட்டணும்."

அன்று ஆரம்பித்ததுதான் அந்தத் தட்டுதல். வால்வு ஆம்ப்ளிஃபயரில் கை வைக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று பயாஸ். பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போதும் வால்வுக்குள் ஒரு அளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோல. அது குறைந்தால் குரல் பிசிறும், கூடினால் வால்வு வெந்துபோகும். இன்னொன்று ஃபீட்பேக். கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தில் ஒரு துளியைத் திருப்பி முதல் வாசலுக்கே அனுப்பி, வந்ததும் போனதும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்கிற ஏற்பாடு. அது இருந்தால் குரல் நேர்மையாக வரும், ஆனால் கொஞ்சம் அடங்கி வரும். அப்பாத்துரைக்கு அந்த அடக்கம்தான் பகையாயிற்று. ரெசிஸ்டரை மாற்றி மாற்றி ஃபீட்பேக்கைக் குறைத்தார். பயாஸைத் திருகித் திருகி மின்சாரத்தைக் கூட்டினார். ஒவ்வொரு தரமும் திருகிவிட்டு மகளின் பதிவைப் போடுவார். கேட்பார். அணைப்பார். மறுபடியும் திருகுவார். போனை மாற்றினார், ஒயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பார்க்கிறவர்கள் சொல்லியிருப்பார்கள். அவருக்கோ ஆட நன்றாகவே தெரியும், கோணல் எங்கே என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலமானால் பொன்செல்வி கால்வாய்க்கரைக்கோ கோயிலுக்கோ போய் உட்கார்ந்துவிடுவாள். சில நாள் போக முடியாது, அடுப்பில் உலை இருக்கும். அப்போது சுவரைத் தாண்டி மகள் கேட்பாள், சாப்பிட்டியளா? கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், சாப்பிட்டியளா? இவருக்குப் பிள்ளையைக் கேட்டு ஆறவில்லை, அதற்குத் தெளிவில்லை என்று ஒரு சாக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். துக்கம் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு விதம். தன் துக்கத்தைக் காட்டி அவர் துக்கத்தைத் தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். அப்பாத்துரை ஃபீட்பேக் ஒயரையே வெட்டிவிட்டார். பயாஸையும் கடைசிவரை திருகினார். பதிவைப் போட்டதும் பலகைப் பெட்டி அலறியது. அடுப்படியில் இருந்த பொன்செல்வி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். வால்வுக்குள் இருந்த தகடு செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. கருகுகிற நாற்றம். அவள் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள்.

"என்ன செய்யுதிய நீங்க? பிள்ளை அலறுத மாதிரில்லா இருக்கு!"

"எங்க அலறுதா? அப்பமும் மூடித்தான் கேக்கு" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. "எம்புட்டுச் செஞ்சாலும் வர மாட்டேங்காளே, பொன்னு."

அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னதில் இருந்த விசித்திரம் அப்போது அவளுக்கும் உறைக்கவில்லை.

மழை விட்டதும் அப்பாத்துரை ஆம்ப்ளிஃபயரைக் கோணிச் சாக்கில் சுற்றி, பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில் தாஜ் முகம்மதுவின் கடைக்குப் போனார். தாஜ் முகம்மது டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவர். இதற்கும் சுற்றிக் கொடுத்தது அவர்தான். கடை மாடியில், கீழே ஓயாத பஸ் இரைச்சல். வயதில் அப்பாத்துரைக்கு இளையவர், பல வருஷப் பழக்கம். ஸ்டெபி இறந்தது அவருக்குத் தெரியும், பதிவைப் பற்றித் தெரியாது. ஆம்ப்ளிஃபயரின் அலுமினியத் தகட்டைக் கவிழ்த்துப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன அண்ணாச்சி, ஃபீட்பேக்க வெட்டி விட்டிருக்கிய? பயாஸ இப்படி ஏத்துனா வால்வு வேவாதா?"

"ஒயரப் போட்டாக் குரல் அமுங்கிப்போவுது, பாய்."

"அமுங்காது. நான் காட்டுதேன், இருங்க."

வெந்த வால்வை மாற்றினார். மீட்டரைப் பார்த்துப் பார்த்து பயாஸைப் பைய இறக்கினார். வெட்டிய ஒயரைப் பற்றவைத்தார். அப்பாத்துரை போனைப் பொருத்தி, தொட்டார்.

அப்பா, ஸ்டெபி பேசுதேன், என்றது பெட்டி.

தாஜ் முகம்மதுவின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது. பதிவு முடியும்வரை அவர் அசையவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ள அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பக்கத்துல நின்னு பேசுத மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி. பிள்ளை மூச்சு விடுததுகூடக் கேக்கு" என்றார் அலமாரியைப் பார்த்தபடியே.

பதில் இல்லை. சற்றுப் பொறுத்து அப்பாத்துரை சொன்னார்: "பாத்தியளா பாய், முன்னைக்கு இப்பம் இன்னும் அமுங்கிட்டு."

தாஜ் முகம்மது திரும்பினார். "டீ சொல்லட்டா, அண்ணாச்சி?" என்று கேட்கிற நேரத்தில் கீழே ஒரு பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். தான் சொன்னது தாஜ் முகம்மதுவுக்கே கேட்கவில்லை.

"வேண்டாம் பாய், இப்பதான் குடிச்சேன்" என்றார் அப்பாத்துரை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

தாஜ் முகம்மதுவுக்கு நெஞ்சில் ஏதோ தட்டியது. பிறகு மேஜைக்கு அடியிலிருந்து, ஒரே சீராகச் சத்தம் கொடுக்கிற சோதனைப் பெட்டியை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். ஸ்பீக்கர் முனைகளில் முள் மீட்டரை மாட்டினார். "சும்மா ஒரு தடவ பாத்துருவோம்" என்றார். தணிந்த சுருதியில் ஆரம்பித்துச் சத்தத்தைப் பைய மேலே ஏற்றிக்கொண்டு போனார். எல்லாச் சுருதியும் ஒரே அளவில் வெளியே வருகிறது என்று முள் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. சுருதி பாதி வழிகூட ஏறியிருக்காது.

"ஏன் நிறுத்திட்டிய?" என்றார் அப்பாத்துரை.

"நிறுத்தல, அண்ணாச்சி."

அப்பாத்துரை மீட்டரைப் பார்த்தார். முள் அதே இடத்தில் நின்றது. மீட்டரின் ஒயரைக் கழற்றித் தானே மறுபடி மாட்டினார். முள் அதே இடத்துக்கு வந்தது. ஸ்பீக்கரின் காகிதத்தின் மேல் விரல்நுனியை வைத்தார். காகிதம் அதிர்ந்துகொண்டிருந்தது. குனிந்து காதை வைத்தார். எதிரே தாஜ் முகம்மது அந்தக் கீச்சுச் சத்தம் தாங்காமல் ஒரு காதைப் பொத்தியிருந்தார். அப்பாத்துரையின் காதில் கீழேயிருந்து வந்த பஸ்ஸின் உறுமல் மட்டும் இருந்தது. மீட்டர் பொய் சொல்லாது என்று வாழ்நாள் முழுக்க நம்பியவர் அவர்.

"மில்லுக் காது, அண்ணாச்சி" என்றார் தாஜ் முகம்மது, அவர் முகத்துக்கு நேரே குனிந்து. "ஆம்ப்ளிஃபயர்ல ஒரு குத்தமும் இல்ல. நீங்க செஞ்சது ஒண்ணாந்தரம்."

"சரி பாய்" என்றார் அப்பாத்துரை. ஒயரைச் சுருட்டி, ஆம்ப்ளிஃபயரைக் கோணியில் சுற்றிக் கட்டினார். கட்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது.

திரும்புகிற பஸ்ஸில் மடியில் கோணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பார்க்கிற இருக்கையில் இரண்டு பெண்கள் ஏதோ ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது, ரசத்தில் உப்பில்லை என்பதுவரை. கண்ணை மூடினார். ரசம் போயிற்று, பெண்கள் போனார்கள், இஞ்சின் மட்டும் இருந்தது. கண்ணைத் திறந்தார், பேச்சு வந்தது. மறுபடி மூடினார். மகள் சின்ன வயதில் தாடையைப் பிடித்துத் திருப்பியது அப்போதுதான் அவர் ஞாபகத்துக்கு வந்தது. சேரன்மகாதேவி வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவரைக் கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிட்டார்.

வீட்டில் பொன்செல்வியிடம் எதையும் ஒளிக்கவில்லை. மீட்டரில் முள் நின்றதைச் சொன்னார், பஸ்ஸில் கண்ணை மூடிப் பார்த்ததைச் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான்.

"அப்பம் இம்புட்டு நாளும் உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"எனக்குக் கேட்டுது. ஒவ்வொரு தடவையும் முழுசாக் கேட்டுது. சாப்பிட்டியளான்னு அவ கேக்கும்போதெல்லாம் நான் அடுப்படியில நின்னு பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்களும் கேட்டு ஆத்திக்கிடுதியன்னுல்லா சும்மா இருந்தேன். உங்களுக்குக் கேக்காமலா எம்பிள்ளைய நீங்க கத்தவச்சிய?"

அப்பாத்துரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதார். அவளும் அழுதாள். அழுது ஓய்ந்தபின் அவள்தான் மெல்லச் சொன்னாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு விளங்காதுன்னு எனக்குத் தெரியும், முகத்தக் காட்டிப் பேசுதேன்னாளே. நாமதான் மாஸ்க்கச் சொல்லுதான்னு நெனச்சோம். நர்ஸுல்லா அவ. அப்பா மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லாம வச்சிருக்கா."

பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். ஆலையின் இரைச்சலில் நரம்பு செத்துவிட்டது, செத்தது திரும்பாது என்று அவர் விளக்கினார். காதில் வைக்க ஒரு மெஷின் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டால் லாரி வருவது தெரிந்தது, கோயில் மணி தெரிந்தது, கறிக்கடைக்காரர் கூப்பிட்டால் அப்பாத்துரை திரும்பவும் செய்தார். ஊருக்கு ஆச்சரியம், மனிதருக்குத் தலைக்கனம் குறைந்துவிட்டது என்று. மகளின் பதிவு மட்டும் முன்பைவிடப் பெரிய முனகலாகக் கேட்டது. அவர் ஆம்ப்ளிஃபயரை மேஜை ஓரத்தில் தள்ளி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். பல வாரம் அதன் பக்கமே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பொன்செல்வி அந்தத் துண்டை எடுத்தாள். ஸ்விட்சைப் போட்டாள். வால்வுகள் சூடேறட்டும் என்று காத்திருந்தாள். பக்கத்து அறையிலிருந்தே அந்தப் பாடமெல்லாம் அவளுக்கு வந்திருந்தது. ஜன்னலை முழுக்கத் திறந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டு, அதற்கு நேரே இன்னொன்றைப் போட்டாள். அப்பாத்துரையின் தோளைத் தொட்டாள்.

"வேண்டாம் பொன்னு. உனக்குத்தான் தாங்காது."

"அவ என்ன சொன்னா? அம்மாட்டக் கேட்டுக்கிடுங்கன்னுல்லா சொன்னா? வந்து உக்காருங்க."

முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் பதிவைத் தொட்டாள். ஸ்டெபியின் குரல், பயாஸும் ஃபீட்பேக்கும் சரியாக நின்ற அந்தப் பெட்டியிலிருந்து, இருந்தபடியே வந்தது. பொன்செல்வி சத்தம் விடவில்லை. ஆலையில் பேசுவதுபோல உதட்டை மட்டும் அசைத்தாள், மகளின் குரலோடு இம்மியும் பிசகாமல். மகள் மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். மகள் தயங்கிய இடத்தில் தயங்கினாள். எத்தனை சாயங்காலம் கேட்டிருக்கிறாள், அவளுக்குத் தப்பவே இல்லை. அப்பாத்துரையின் காதில் இழுவை விழுந்தது, கண்ணில் எழுத்து விழுந்தது. அப்பா, ஸ்டெபி பேசுதேன். அந்தப் பெயர் இந்தத் தடவை உதிரவில்லை. சாப்பிட்டியளா?

"சாப்பிட்டேம்மா" என்றார் அவர்.

என்னப்பா, என்று முடிந்தது பதிவு. பொன்செல்வியின் உதடும் நின்றது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் உதட்டை மறைக்கும் என்று அவள் கையைத் தூக்கித் துடைக்கவில்லை.

அப்பாத்துரை அவள் முகத்தைப் பார்த்தபடியே கையை மெல்ல உயர்த்தினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ஆலையில் நூலை மறுபடி ஒட்டச் சொல்வதுபோல உரசிக் காட்டினார். அவள் தலையசைத்துவிட்டு, போனை எடுத்து மறுபடியும் தொட்டாள்.